அங்கீகரிக்கப்பட்ட எதிர்ப்பாளர்

மல்லப்பன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதையும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தன்னால் முடிந்த மரியாதையோடுதான் கேட்டார். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் குக்கர் கேஸ்கெட் செய்கிற மும்மணி ரப்பர் கம்பெனியில் பதினாறு வருஷமாக இருப்பவர் அவர். அங்கே கூட்டங்களில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு முதலாளி நஞ்சுண்டசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "யாருக்காவது சந்தேகம் இருந்தால் தைரியமாகக் கேளுங்கள்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். இரண்டு தடவை சொல்வது வழக்கம். மூன்றாவது தடவை சொன்னதை மல்லப்பன் நிஜமென்று நம்பிவிட்டார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, ஆடி மாதம். கொரோனா போய்விட்டது என்றும் சொல்ல முடியாமல், இருக்கிறது என்றும் சொல்ல முடியாமல் ஜனங்கள் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம். மூன்றாவது ஊசியை சர்க்காரே இலவசமாகப் போட ஆரம்பித்திருந்தது. கம்பெனியின் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் முதல் இரண்டு ஊசிகளைப் போட்டு முடித்தவர்கள். மூன்றாவதற்காக நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. திட்டத்தின் பெயர், 'கட்டாயத் தன்னார்வத் தடுப்பூசித் திட்டம்.'

பெயரைக் கண்டுபிடித்தவர் பணியாளர் நலத் துறை மேனேஜர் முரளிதரன். அவரே அதை விளக்கவும் செய்தார். "கட்டாயம்னு மட்டும் போட்டா கோர்ட்டுக்குப் போவாங்க. தன்னார்வம்னு மட்டும் போட்டா வீட்டுக்குப் போவாங்க. அதனால ரெண்டையும் போட்டாச்சு. எல்லாரும் அவங்கவங்க சொந்த விருப்பத்துல, வர்ற இருபதாம் தேதிக்குள்ள, தவறாம விருப்பப்படணும்."

இந்த இடத்தில்தான் மல்லப்பன் எழுந்தார்.

"ஏனுங் சார், ரெண்டாவது ஊசிக்கு எனக்கு ஒரு நா காச்சல் அடிச்சுதுங். மூணாவதுக்கும் அடிச்சுதுன்னா அன்னிக்கு லீவு உண்டுங்களா?"

கேன்டீன் ஹாலில் எல்லோர் தலையும் அவர் பக்கம் திரும்பியது. சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட நின்றது. முரளிதரன் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்: 'தடுப்பூசியின் பாதுகாப்பு குறித்து அச்சம் தெரிவித்தவர் – ஒருவர்.'

மறுநாள் காலை அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். திட்டப் போகிறார் என்று எண்ணி மல்லப்பன் நெற்றியில் விபூதியை இன்னும் ஒரு கோடு கூட்டி இட்டுக்கொண்டு போனார். ஆனால் முரளிதரன் எழுந்து வந்து கை கொடுத்தார். நாற்காலியைக்கூட அவரே இழுத்துப் போட்டார்.

"மல்லப்பன், நீங்கதான் கம்பெனியோட மானத்தக் காப்பாத்தணும்."

விஷயம் இதுதான். இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தால் தொழிலாளிகளிடம் விவாதம் நடத்தி, பெங்களூரிலுள்ள ஆலோசனைக் கம்பெனிக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் நிரப்புகிற படிவம். அதில் 'எதிர்ப்புத் தெரிவித்தோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டம் பூஜ்யத்தை ஏற்கவில்லை. முரளிதரன் ஒரு சாயங்காலம் முழுக்க பூஜ்யத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் சிவப்பாகிவிட்டது.

"நான் எதுக்கலீங்களே சார். ரெண்டு ஊசியும் போட்டிருக்கேன். மூணாவதை இப்பவே போடறதுன்னாலும் சட்டையக் கழட்டிருவனுங்."

"அதான் வேண்டாம்ங்கறேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. நானூத்திப் பதினோரு பேர் சப்போர்ட், ஒருத்தர் எதிர்ப்பு. பாக்கறதுக்கே எவ்வளவு ஜனநாயகமா இருக்கு பாருங்க."

அன்று மதியமே உத்தரவு வந்துவிட்டது. கழுத்தில் மாட்ட ஒரு அட்டை. அதில் மல்லப்பனின் படம். படத்துக்குக் கீழே 'அங்கீகரிக்கப்பட்ட எதிர்ப்பாளர்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். ஊர்ப்பக்கம் ஹனூரில் அவர் தலைமுறையில் யாருக்கும் இவ்வளவு நீளமான பதவி கிடைத்ததில்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி கேட்டுக்குப் போனபோது வாட்ச்மேன் வழிமறித்தான். சுற்றறிக்கையின் நான்காவது விதி: திட்டத்தை எதிர்ப்போர் வளாகத்துக்குள் அனுமதிக்கப்படமாட்டார்கள். மல்லப்பன் அட்டையைக் காட்டினார். "அட்டை இருக்கறதாலதான் உள்ள விடல" என்றான் வாட்ச்மேன். முரளிதரனுக்கு போன் போயிற்று. அரைமணி நேரத்தில் கேன்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்து, கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் போடப்பட்டது. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை அங்கே உட்கார்ந்து எதிர்க்க வேண்டும். நடுவில் அரைமணி சாப்பாட்டு நேரம். அப்போது எதிர்க்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஒரு நோட்டில் அன்றைய எதிர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மல்லப்பன் கடமை தவறாதவர். முதல் நாள், 'இன்று எதிர்த்தேன்' என்று எழுதினார். இரண்டாம் நாளும் அதையே எழுதினார். மூன்றாம் நாள் நல்ல மழை. வாட்ச்மேன் கூண்டுக்குள் ஒதுங்கி நின்றுவிட்டு, 'மழை காரணமாக எதிர்க்க இயலவில்லை' என்று உள்ளதை எழுதினார். அதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அந்த வாரமே ஊசி முகாமும் தொடங்கிற்று. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சிஸ்டர் சுசித்ரா தோளில் குளிர்பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். மல்லப்பன் விடுவாரா? நாற்காலியிலிருந்து எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கேட்டிலேயே அவர்முன் நின்றார்.

"சிஸ்டர், எனக்கு இங்கயே ஒண்ணு குத்திட்டுப் போயிருங்."

சிஸ்டர் பெட்டியைத் திறக்கப் போனார். முரளிதரன் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "அவருக்குப் போடக் கூடாது! போட்டா எதிர்ப்பே இல்லாமப் போயிடும்!"

"கேக்கறவருக்குப் போடக் கூடாதா?" என்றார் சிஸ்டர்.

"கேக்கறது அவரோட தனிப்பட்ட கருத்து. எதிர்க்கறதுதான் அவர் வேலை."

ஊசியைக் கட்டாயமாக்கிய அந்தக் கம்பெனியில், ஊசி மறுக்கப்பட்ட ஒரே ஆள் இப்படியாக மல்லப்பன் ஆனார்.

அடுத்த நாள் மருத்துவக் குழுவின் தலைவர் டாக்டர் விஜய்குமார் மரத்தடிக்கு வந்தார். அவர் ரப்பரில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். கம்பெனியில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்கிறவர் அவர் ஒருவரே என்பதால் மருத்துவக் குழுவும் அவர் தலையில் விழுந்திருந்தது. அந்தச் சுமையை அவர் விருப்பத்துடன் சுமந்தார். மல்லப்பனின் முழங்கைத் தோலை இரண்டு விரலால் இழுத்து விட்டுப் பார்த்தார்.

"திரும்பிப் பழைய இடத்துக்கு வருது. நல்ல மீள்திறன். உங்களுக்கு என்ன பயம்?"

"பயமெல்லாம் இல்லீங் டாக்டர்."

"இருக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை பொது விவாதம். முதலாளி வர்றார், பெங்களூர்லருந்து ஆள் வருது. நீங்க மூணு நிமிஷம் பயப்படணும். எழுதிக் கொடுத்துடறோம்."

எழுதிக் கொடுத்தார்கள். முரளிதரன் தன் வாட்ஸாப்பில் வந்ததையெல்லாம் திரட்டி இரண்டு பக்கத்துக்கு அச்சடித்திருந்தார். மல்லப்பன் அதை வாங்கிக்கொண்டு மேட்டகள்ளியிலுள்ள வீட்டுக்குப் போய், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக மனப்பாடம் செய்தார். 'ஊசி போட்ட உடம்பு காந்தமாக மாறிவிடுகிறது என்று அஞ்சுகிறேன்' என்ற வாக்கியம் வெளியே கேட்டது. அவர் மனைவி நிர்மலா கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, வெளிய வாங்க மொதல்ல."

வந்தார். நிர்மலா கையிலிருந்த எவர்சில்வர் கரண்டியை அவர் புஜத்தில் வைத்து விட்டாள். அது கீழே விழுந்தது. இன்னொரு கையில் வைத்தாள். அங்கேயும் விழுந்தது. தன் கையிலும் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"நாமதான் ஆளுக்கு ரெண்டு போட்டிருக்கமே. ஒட்டக் காணோமுங்களே. இதைய ஊருசனம் முன்னாடி நின்னு படிக்கப் போறீங்களாக்கும்?"

"உத்தியோகம் புள்ள" என்றார் மல்லப்பன்.

விவாதத்துக்கு இரண்டு நாள் முன்னால், டீ இடைவேளையில், பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஸ்வாதி கேட்டைத் தாண்டி வந்தாள். இருபத்தைந்து வயது, ஒப்பந்தத் தொழிலாளி. மரத்தைச் சுற்றி வந்து, செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி குனிந்துகொண்டே பேசினாள்.

"மல்லப்பண்ணா, உங்ககிட்ட பேசினா தப்பில்லையே?"

"எங்கிட்டப் பேசறக்குத்தானம்மா உக்கார வெச்சிருக்காங்க."

"ரெண்டாவது ஊசி போட்டப்ப எனக்குப் பத்து நிமிஷத்துல மொகமெல்லாம் வீங்கிடுச்சுண்ணா. மூச்சு விட ஆகல. அங்கயே வேற ஒரு ஊசி போட்டு சாயங்காலம் வரைக்கும் படுக்க வெச்சாங்க. அப்புறந்தான் சரியாயிடுச்சு. இப்ப மூணாவது போடலாமா, வேண்டாமா? அதுமட்டும் தெரிஞ்சா போதும்."

"மேனேஜர்கிட்டக் கேக்கறதுதானே?"

ஸ்வாதி நிமிர்ந்து பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாள். அவர் கழுத்து அட்டையைப் பார்த்தாள். "நீங்க லீவு கேட்டதுக்கே இங்க உக்காந்திருக்கீங்க. எனக்கு நாற்காலிகூடப் போடமாட்டாங்கண்ணா. இருபதாம் தேதி வரைக்கும்தான் டயம். வீட்டுல என் சம்பளம்தான் ஓடுது. பேசாம போட்டுக்கலாம்னு பாக்கறேன்."

சைரன் ஊதியது. அவள் ஓடிவிட்டாள். மல்லப்பன் அன்று நோட்டில் எதுவும் எழுதவில்லை. எழுதாதது ஏன் என்று வந்த மெமோவையும் அவர் படிக்கவில்லை. மூச்சு விட முடியாமல் போன ஒரு பெண், வேலைக்குப் பயந்து மறுபடி அதே ஊசிக்குக் கையை நீட்டப் போகிறாள். பதினாறு வருஷத்தில் முதன்முறையாக அவருக்கு எதிர்க்க ஒரு விஷயம் கிடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கேன்டீனில் நடத்தலாமென்றால் எதிர்ப்பாளரை உள்ளே விட நான்காவது விதி இடம் தரவில்லை. ஆகவே மேடையை கேட்டுக்கு உள்பக்கம் போட்டு, தொழிலாளிகளையெல்லாம் கேட்டைப் பார்க்க உட்கார வைத்தார்கள். மல்லப்பன் வெளியே நின்று கம்பிகளின் வழியாகப் பேச வேண்டும். மைக்கின் ஒயரைக் கம்பிக்கு நடுவில் நுழைத்துக் கொடுத்தார்கள். ரோட்டில் போன ஆட்டோக்காரர்கள் யாரோ ஜாமீனில் வருகிறார்கள் என்று நினைத்து வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். மேடைக்கு ஓரமாக, விவாதம் முடிந்ததும் எல்லோருக்கும் ஊசி போடுவதற்காக, சிஸ்டர் சுசித்ரா குளிர்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மாலை இல்லை. மற்ற எல்லோருக்கும் இருந்தது.

முதலாளி நஞ்சுண்டசாமி கன்னடத்தில் நாற்பது நிமிஷம் பேசினார். அதன் சாரம் இது: "நம் கம்பெனியில் கருத்துச் சுதந்திரம் உண்டு. அதை நாம் எல்லோரிடமும் கொடுத்து வீணாக்கவில்லை. ஒருவரிடம் கொடுத்து, கேட்டுக்கு வெளியே பத்திரமாக வைத்திருக்கிறோம். இன்றைக்குத் திறந்த மனதோடு விவாதிப்போம். முடிவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அது போன மாதமே எடுத்தாயிற்று."

பலத்த கைதட்டல்.

டாக்டர் விஜய்குமார் எழுந்தார். "ஒரு கேஸ்கெட்டை நாம் பத்தாயிரம் தடவை அழுத்திப் பார்த்துத்தான் வெளியே அனுப்புகிறோம். அதுபோல ஊசியையும் யாரோ எங்கேயோ பார்த்திருப்பார்கள். யார், எங்கே, எப்படி என்று கேட்பது நம் மரபல்ல."

இதற்கும் கைதட்டல். பிறகு முரளிதரன் எதிர்ப்பாளரை அழைத்தார். மல்லப்பன் அச்சடித்த இரண்டு பக்கத்தையும் எடுத்தார். முதல் வரியைப் பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அய்யா, எனக்கு ஊசி மேல ஒரு எதிர்ப்பும் இல்லீங். போட்டதால எனக்கு ஒரு நா காச்சலத் தவிர எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகலீங், கரண்டிகூட ஒட்டலீங். ஆனா ஒருத்தருக்கு ரெண்டாவது ஊசில பத்து நிமிசத்துல மொகம் வீங்கி மூச்சு முட்டிப்போச்சுங். யாருன்னு சொல்லமாட்டனுங். அவங்க மூணாவது போடலாமுங்களா, கூடாதுங்களா? இதுதானுங் என்ற கேள்வி."

முரளிதரன் தன் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். காந்தத்துக்குப் பதில் இருந்தது. செல்போன் டவருக்குப் பதில் இருந்தது. இதற்கு இல்லை. அவர் டாக்டரைப் பார்த்தார்.

"கேஸ்கெட் வீங்கினா அது எண்ணெய் பட்டதாலதான்" என்றார் விஜய்குமார். "அவங்க மேல எண்ணெய் பட்டுதா?"

"நல்ல கேள்வி" என்றார் நஞ்சுண்டசாமி. "நல்ல கேள்விகளுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. ஒரு துணைக்குழு போடுவோம். இருபத்தைந்தாம் தேதி கூடட்டும்."

"இருபதாம் தேதிக்குள்ள போடோணும்னு சொல்லியிருக்கீங்களேங்" என்றார் மல்லப்பன் கம்பிக்கு வெளியிலிருந்து.

அப்போது சிஸ்டர் சுசித்ரா எழுந்து மேடைக்குப் போய், முதலாளியின் முன்னாலிருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போடக் கூடாது. முன்னாடி போட்ட ஊசிக்கு அப்படி உடனே வீங்கி மூச்சு முட்டியிருந்தா, அதே ஊசிய மறுபடி போடறதில்ல. அவங்க பெரியாஸ்பத்திரிக்குப் போய் டாக்டரப் பாக்கட்டும். என்ன செய்யலாம்னு அவர் பாத்து எழுதிக் கொடுப்பார். இது லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது; மத்தவங்க இதக் கேட்டுப் பயப்பட வேண்டாம், போட்டுக்கலாம். போட்டுட்டு அரைமணி நேரம் என் கண் முன்னாடி உக்காருங்க. அதுக்குத்தான் உக்காரச் சொல்றோம். வேற யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

மொத்தம் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பேக்கிங் பிரிவின் கடைசி வரிசையில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"உங்களுக்கு வேற கேள்வி இருக்கா?" என்று சிஸ்டர் கேட்டை நோக்கிக் கேட்டார்.

"இல்லீங் சிஸ்டர்."

"அப்ப கைய நீட்டுங்க."

மல்லப்பன் கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்தார். முரளிதரன் நாற்காலியையும் மாலையையும் தள்ளிவிட்டு எழுந்து ஓடிவருவதற்குள் குத்தி முடிந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து வந்தவர் தன் அறிக்கையில், விவாதம் தோல்வி என்று எழுதினார். இரண்டு மணி நேரத்துக்குத் திட்டமிட்ட நிகழ்ச்சியில் அனுமதியின்றி பதில் சொல்லப்பட்டதால் மீதி நேரம் வீணாயிற்றாம்.

ஸ்வாதி பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரண்டு நாள் வரிசையில் நின்று, டாக்டரின் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். தனியாகக் கொடுக்கப் பயமாக இருந்ததால் மல்லப்பனையும் கூட்டிக்கொண்டு போனாள். முரளிதரன் கடிதத்தைப் படித்தார். கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினார்.

"போட்டவர்னு ஒரு கட்டம் இருக்கு. எதிர்ப்பவர்னு ஒரு கட்டம் இருக்கு. போட முடியாதவர்னு கட்டமே இல்லையே. நான் இவங்கள எங்க வைக்கறது?"

"பேக்கிங்லயே வைங்க சார்" என்றார் மல்லப்பன். "அங்கதானுங் வேலை செய்யறாங்க."

முரளிதரன் கடிதத்தை ஒரு ஃபைலில் கோத்து, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஸ்வாதியிடம் அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அலுவலகத்தில் ஒருவருக்குச் செய்யக்கூடிய உதவி அதுதான்.

ஆனால் முரளிதரனின் கவலை தீரவில்லை. ஊசி போட்டுக்கொண்டதால் மல்லப்பன் பதவி இழந்து மெஷினுக்குத் திரும்பியிருந்தார். எதிர்ப்புக் கட்டம் மறுபடி பூஜ்யம். கம்ப்யூட்டர் மறுபடி சிவப்பு. வேறு வழியில்லாமல், 'அங்கீகரிக்கப்பட்ட எதிர்ப்பாளர் பதவிக்கு விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மரத்தடியில் உட்கார யார் வரப்போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இருநூற்று முப்பத்தேழு பேர் விண்ணப்பித்தார்கள்.

முன் அனுபவம் உள்ளவர் என்பதால் மல்லப்பனைக் கூப்பிட்டுப் பிரித்துத் தரச் சொன்னார் முரளிதரன். இருவரும் அறையில் உட்கார்ந்தார்கள். 'உங்கள் ஆட்சேபம் என்ன?' என்ற இடத்தில் ஜனங்கள் மனதில் கிடந்ததையெல்லாம் எழுதியிருந்தார்கள். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் எப்போது வரும்? மோல்டிங் பிரிவில் மின்விசிறி ஏன் சூட்டை நோக்கிச் சுழல்கிறது? கேன்டீன் இட்லியில் கேஸ்கெட் வாசம் வருவது எதனால்? நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பேச வாய் இருந்தும், அட்டை மாட்டினால்தான் கேட்கலாம் என்று நினைத்துவிட்டார்கள். ஊசியைப் பற்றி மட்டும் பதினொன்று. எல்லாமே சிஸ்டர் நின்றபடியே பதில் சொல்லக்கூடியவை.

கட்டின் அடியில் கிடந்ததைக் கடைசியாகப் பிரித்தார் மல்லப்பன். பெயர் இல்லை. பச்சை மசியில், அழகான சாய்வெழுத்தில் எழுதியிருந்தது: 'ஊசியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். முதல் இரண்டும் மனைவி கையைப் பிடித்துக்கொண்டதால் போட்டுக்கொண்டேன். கம்பெனி முகாமில் மனைவியை அனுமதிக்க விதி இல்லை.'

கம்பெனியில் பச்சை மசியில் எழுதுகிறவர் ஒருவர்தான். மல்லப்பன் தலையை நிமிர்த்தினார். முரளிதரன் கூரையிலிருந்த மின்விசிறியை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சார், சிஸ்டர் மூணு மணி வரைக்கும் இருப்பாங்க. வாங் போலாம்."

"இந்த... விண்ணப்பங்கள்லாம்?"

"அதெல்லாம் எங்கீங் போயிரப்போகுது. வாங்."

முகாமில் வேறு யாரும் இல்லை. முரளிதரன் ஸ்டூலில் உட்கார்ந்ததுமே கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் மல்லப்பனின் கையைத் தேடிப் பிடித்தார்.

"ஆயித்தா?" என்றார்.

"இன்னும் பஞ்சே தொடல" என்றார் சிஸ்டர்.

சற்றுப் பொறுத்து மறுபடியும், "ஆயித்தா?"

"ஆயித்து சார். அப்பவே ஆயித்து" என்றார் மல்லப்பன்.

ஆனாலும் முரளிதரன் கண்ணைத் திறக்கவில்லை, பிடியையும் விடவில்லை. மெஷினில் காய்த்துப்போன கைதான் மல்லப்பனுடையது. அதற்கே விரல்கள் மரத்துவிட்டன. உதறிக்கொள்ள மனம் வரவில்லை. காலால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படியும் அரைமணி நேரம் உட்காரத்தானே வேண்டும்.